நடுங்கும் கைக்கு மின்சாரம் மருந்தாகுமா?

வீட்டில் பெரியவர் ஒருவருக்குக் கை நடுங்கத் தொடங்கினால், "வயதாகிவிட்டது, வேறென்ன?" என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். சட்டைப் பொத்தான் போட நேரம் ஆகிறது. நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் தொங்குகிறது. கையெழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகிறது. வாசலில் இருபது புள்ளி வைத்த பாட்டியின் கோலம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்குகிறது. முகத்தில் சிரிப்பு குறைந்தால் "தாத்தாவுக்குக் கோபம்" என்று எண்ணிக்கொள்கிறோம். இவை யாவும் முதுமையின் அடையாளங்களாக இருக்கலாம். ஆனால் பார்க்கின்சன் நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம் என்பதை நாம் அறிய வேண்டும்.

இலண்டன் நகரத்து மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ஆம் ஆண்டில் இந்நோயை விவரித்து ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் கூறியவை ஆறே ஆறு நோயாளிகளின் கதைகள். அவர்களுள் சிலரை அவர் தெருவில் கண்டதோடு சரி. ஒருவர் நடக்கும் நடையைப் பார்த்தே நோயின் இலக்கணத்தை எழுதிவிட்டார் என்றால் அந்தக் கண்களின் கூர்மையை என்னவென்பது! ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு இந்நோய்க்குக் கிடையாது. குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியையும் அது விடவில்லை. 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் நிமிர்ந்து நடந்ததை நம் பாட்டிமார் நேரில் கண்டிருக்கிறார்கள். பின்னாளில் அதே திருத்தந்தையின் கை நடுங்கியதையும் பேச்சு குழறியதையும் தொலைக்காட்சியில் கண்டு கலங்கியவர்களும் அவர்களே.

இந்நோயில் மூளைக்குள் என்ன நடக்கிறது? மூளையின் அடிப்பகுதியில் கருமை நிறமான ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள செல்கள் டோபமின் என்னும் இரசாயனப் பொருளைச் சுரக்கின்றன. நாம் எண்ணிய மாத்திரத்தில் கை அசைவதற்கும் கால் எடுத்து வைப்பதற்கும் அது தேவை. பார்க்கின்சன் நோயில் இந்தச் செல்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. நடுக்கம் வெளியே தெரிய வரும்போது, அவற்றில் பெரும்பகுதி ஏற்கனவே போயிருக்கும்.

டோபமினை நேரே கொடுத்தால் அது மூளைக்குள் நுழைவதில்லை. ஆகவே மூளைக்குள் போய் டோபமினாக மாறக்கூடிய லெவோடோபா என்னும் மருந்தைக் கொடுக்கிறார்கள். 1967-இல் அமெரிக்காவில் டாக்டர் கோட்ஸியாஸ் அதைச் சிறிது சிறிதாக அளவு கூட்டிக் கொடுத்து, அசைவற்றுக் கிடந்தவர்களை எழுந்து நடக்கச் செய்தார். ஆனால் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1937-இல், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் இதே பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்துக் கட்டுரை வெளியிட்டிருந்தனர். தொட்டால் அரிக்குமே, அந்தப் பூனைக்காலிதான்! அது பிற்காலத்தில் எந்த நோய்க்கு மருந்தாகும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. (அதற்காக யாரும் வேலியில் படர்ந்த பூனைக்காலியைப் பறித்துத் தாத்தாவுக்கு அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அளவு தவறினால் வாந்தியும் மயக்கமும் வரும்.)

இவ்வளவு நல்ல மருந்து இருக்கும்போது அறுவைச் சிகிச்சை எதற்கு? இதை நம் ஊர்த் தண்ணீரைக் கொண்டே விளக்கலாம். வீட்டில் தொட்டி இருந்தால், காலையில் லாரி கொண்டுவந்த தண்ணீர் இரவு வரை வரும். தொட்டி உடைந்து போனால் என்ன ஆகும்? லாரி வந்த நேரத்தில் முற்றமெல்லாம் வெள்ளம். அரை மணி கழிந்தால் குடத்தில் ஒரு சொட்டு இராது. நோயின் முதல் சில ஆண்டுகளில் மூளைக்குத் தொட்டி இருக்கிறது. எஞ்சிய செல்கள் மருந்தை வாங்கிச் சேமித்து, வேண்டியபோது விடுகின்றன. அவையும் மடிந்த பிறகு, மாத்திரை போட்ட சற்று நேரத்தில் உடல் தன்னையறியாமல் நெளிந்து ஆடுகிறது. அது வெள்ளம். அடுத்த மாத்திரைக்கு முன்பே கைகால்கள் மரம்போல் இறுகிவிடுகின்றன. அது வறட்சி. ஒரே நாளில் நாலைந்து முறை இவ்வாறு ஏறி இறங்கினால் அந்த மனிதர் எந்த வேலையை நம்பித் தொடங்குவார்?

இந்த நிலையில்தான் மருத்துவர்கள் மூளைக்கு மின்தூண்டல் தரும் அறுவையைப் பற்றிப் பேசுகிறார்கள். இது எங்கோ வெளிநாட்டில் தோன்றி நேற்று இங்கே வந்திறங்கிய விஷயம் என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். படிக்கப் படிக்கச் சென்னையின் பங்கு தெரிய வந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950-இல் டாக்டர் பா. ராமமூர்த்தி நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். 1960-களில் அவரும் டாக்டர் வி. பாலசுப்பிரமணியமும், பின்னர் டாக்டர் டி. எஸ். கனகாவும் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு அறுவை செய்தனர். மண்டையை அகலத் திறக்காமல், ஒரு சிறு துளை வழியே மெல்லிய கருவியைச் செலுத்தி, நடுக்கத்துக்குக் காரணமான இடத்தில் ஒரு சிறு புள்ளியை மட்டும் அழித்துவிடுவது அந்த முறை.

கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தை எப்படிக் குறிபார்ப்பது? ஒரகடத்துக் கார்த் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் தந்தையரைக் கேட்டால் சொல்வார்கள். பற்றவைக்கும் இயந்திரக் கைக்குக் கண் கிடையாது. இடம்-வலம், முன்-பின், மேல்-கீழ் என மூன்று எண்களைக் கொடுத்தால் போதும். அது மிகச் சரியாக அந்தப் புள்ளியில் போய் நிற்கும். மருத்துவர்களும் நோயாளியின் தலையில் ஓர் உலோகச் சட்டத்தை இறுகப் பொருத்தி, அதிலிருந்து மூன்று எண்களால் இடத்தைக் கணக்கிட்டனர். அன்று ஸ்கேன் கருவி இல்லை. எக்ஸ்ரே படமும் அளவுகோலும் கணக்கும்தான் துணை.

டாக்டர் கனகாவைப் பற்றிச் சற்று நின்று கூறத்தான் வேண்டும். 1932-இல் சென்னையில் பிறந்தவர். 1962-இல் சீனப் போர் நடந்தபோது இராணுவ மருத்துவ அதிகாரியாகப் பணிபுரிந்தவர். 1968-இல் நரம்பியல் அறுவையில் உயர் பட்டம் பெற்று, ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர் என்று போற்றப்பட்டார். பெண் கையில் கத்தியைக் கொடுக்கலாமா என்று தயங்கிய காலம் அது. 1975-ஆம் ஆண்டிலேயே, நீண்ட நாள் உள்ளேயே இருக்கும்படி மின்முனைகளை மூளையில் பொருத்தியவர் அவர். நூறு தடவைக்கு மேல் இரத்த தானமும் செய்தவர். 2018-இல் மறையும் வரை அவருடைய பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருந்தோம்? பாடப்புத்தகத்தில் இடம்பெற வேண்டிய பெயர் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அந்த நாட்களில் முரட்டுத்தனமும் அடங்காத் துறுதுறுப்பும் கொண்ட குழந்தைகளைச் சாந்தப்படுத்தவும் இதே முறையில் மூளை அறுவை செய்தார்கள். சென்னையிலும் அது நடந்தது. குழந்தையின் சம்மதத்தை யார் கேட்டது என்று இன்று உலகம் கேட்கிறது. அத்தகைய அறுவைகள் பின்னர் அருகிவிட்டன. அழித்த புள்ளி மீண்டும் முளைக்காது அல்லவா? மூளையைத் தொடும் எந்தச் சிகிச்சையையும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு நம் ஊர்ச் சரித்திரத்திலேயே சான்று இருக்கிறது.

அழிக்காமல் அதே பயனைப் பெற முடியுமா? 1987-இல் பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் டாக்டர் பெனாபிடும் டாக்டர் பொல்லாக்கும் அதற்கு வழி கண்டனர். புள்ளியை அழிக்கும் முன், சரியான இடம்தானா என்று அறிய மெல்லிய மின்சாரம் பாய்ச்சிப் பார்ப்பது வழக்கம். மின்துடிப்பின் வேகத்தை நொடிக்கு நூறுக்கு மேல் கூட்டியதும் நடுக்கம் நின்றது. மின்சாரத்தை நிறுத்தியதும் திரும்பி வந்தது. அப்படியானால் எதற்காக அழிக்க வேண்டும், மின்முனையை அங்கேயே விட்டுவிட்டால் என்ன? 1993-இல் அதே நகரில் சப்தாலமிக் நியூக்ளியஸ் எனப்படும் பட்டாணி அளவான பகுதியில் மின்தூண்டல் கொடுத்தபோது, நடுக்கத்தோடு உடலின் இறுக்கமும் மந்தமும் குறைந்தன. 1990-களின் இறுதியில் மும்பையிலும் திருவனந்தபுரத்திலும் இந்த அறுவை தொடங்கியது. இன்று சென்னையில் பல மருத்துவமனைகளில் செய்கிறார்கள்.

மின்சாரம் அங்கே என்ன செய்கிறது? வகுப்பில் நாற்பது பேரும் ஒரே தாளத்தில் மேசையைத் தட்டினால் ஆசிரியை சொல்வது யார் காதிலும் விழாது. டோபமின் குறைந்த மூளையில் செல்கள் அப்படித்தான் ஒரே தாளத்தில் கூடித் துடிக்கின்றன. "கையைத் தூக்கு" என்ற கட்டளை அந்த இரைச்சலில் அமுங்கிவிடுகிறது. மின்துடிப்பு அந்தத் தாளத்தைக் கலைக்கிறது. டோபமினைத் தருவதுமில்லை, மடிந்த செல்லை எழுப்புவதுமில்லை. எனவே நோய் உள்ளே தன் வழியில் நடந்துகொண்டேதான் இருக்கும்.

அறுவையின்போது பல இடங்களில் நோயாளியை விழிப்பாகவே வைத்திருக்கிறார்கள். கேட்கவே நடுக்கமாக இருக்கிறதா? மூளைக்கு வலி தெரியாது. தோலை மட்டும் மரக்கச் செய்தால் போதும். ஒன்றரை மில்லிமீட்டர் பருமன்கூட இல்லாத கம்பி உள்ளே இறங்குகிறது. "விரலை மடக்கி நீட்டுங்கள், ஒன்று முதல் எண்ணுங்கள்" என்கிறார் டாக்டர். கை நிற்பதை அந்த இடத்திலேயே பார்க்கலாம். பிறகு மயக்கம் கொடுத்து, மார்பின் தோலுக்கு அடியில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பாட்டரிக் கருவியை வைத்து, கழுத்து வழியே உள்கம்பியால் இணைக்கிறார்கள். வெளியே ஒன்றும் தெரியாது.

இனி, தராசை எடுப்போம். அமெரிக்காவில் 255 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்த அறுவையும் மறு பிரிவுக்கு மிகச் சிறந்த மருந்துச் சிகிச்சையும் அளித்தார்கள். முடிவு 2009-இல் வெளியாயிற்று. ஆறு மாதத்தில், அறுவை செய்துகொண்டவர்களுக்கு இறுக்கமோ துள்ளலோ இல்லாத நல்ல நேரம் நாளொன்றுக்கு 4.6 மணி கூடியிருந்தது. மருந்து மட்டும் உண்டவர்களுக்குக் கூடவே இல்லை. இது ஒரு தட்டு. மறு தட்டில், கடுமையான பாதகம் நேர்ந்தவர்கள் அறுவைப் பிரிவில் 49 பேர், மருந்துப் பிரிவில் 15 பேர். அறுவை செய்துகொண்டவர்களில் ஒருவர் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தே போனார். பொதுவாகவே நூற்றில் ஓரிருவருக்கு இரத்தக் கசிவும், சிலருக்குக் கிருமித் தொற்றும் ஏற்படுகின்றன. தொற்று வந்தால் கருவியை எடுத்துவிட்டு மறுபடி வைக்க நேரலாம்.

மருந்துக்கு எது கேட்கிறதோ அதற்கே மின்சாரமும் கேட்கும் என்பது மருத்துவர்களின் பொது விதி. மாத்திரை போட்டதும் குறையும் இறுக்கம், மந்தம் ஆகியவை அறுவையாலும் குறையும். மாத்திரைக்கு அசையாத நடுக்கம் மட்டும் இதற்கு விலக்கு; அதுவும் மின்சாரத்துக்கு அடங்கும். ஆனால் மாத்திரை போட்ட நல்ல நேரத்திலும் தடுமாறி விழுகிறவருக்கு அறுவைக்குப் பின்னும் அது பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். பேச்சு தெளிவாகாது, சிலருக்கு இன்னும் குழறும். மறதி மிகுந்தவர்களுக்கு இது உகந்ததன்று. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும். அறுவைக்குப் பின் சிலரின் சுபாவமும் சற்று மாறுவதுண்டு. அதை முதலில் கவனிக்கிறவர்கள் வீட்டாரே.

வியப்பான ஒரு செய்தியும் உண்டு. சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 2019-இல் ஒன்பது பேரைப் பற்றி எழுதினர். நன்றாக நீந்தத் தெரிந்த அவர்கள், கருவி பொருத்திய பின் தண்ணீரில் கைகால்களை ஒருங்கே அசைக்க முடியாமல் போனார்கள். மூவர் கருவியை நிறுத்திப் பார்த்தபோது நீச்சல் உடனே திரும்பிற்று! ஏரியும் கிணறும் சூழ்ந்த செம்பரம்பாக்கத்தில் இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வைக்க வேண்டும். நடை நன்றாயிற்றே என்று யாராவது பழைய நினைவில் கிணற்றில் குதித்துவிட்டால்?

நம் பகுதிக்கென்றே இன்னோர் எச்சரிக்கையும் இருக்கிறது. இந்நோய் முதியவர்களுக்கு மட்டும் வருவதன்று. நாற்பது வயதுக்கு முன்பே வருவதும் உண்டு. அத்தகைய ஒருவர் தொழிற்சாலையில் வேலை செய்தால், மின்வில் பற்றவைப்பும் பெரிய காந்தங்களும் கருவியைப் பாதிக்கும் என்பதால் டாக்டரைக் கேட்காமல் அந்த இடத்துக்குத் திரும்பக் கூடாது. மூட்டுவலிக்கு வைக்கும் 'டயத்தெர்மி' வெப்ப ஒத்தடம் அறவே கூடாது; கம்பி சூடேறி மூளையைச் சுட்டுவிடும்.

எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் சென்ற ஆண்டு முழுவதும் இதே பேச்சுத்தான். அவளுடைய தாத்தாவுக்கு வயது அறுபத்தாறு. லேத் பட்டறையில் முப்பது ஆண்டு வேலை செய்தவர். நோய் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நாளைக்கு ஆறு வேளை மாத்திரை. சென்னையில் டாக்டர் அறுவையைப் பற்றிக் கூறியதும் வீடு இரண்டாகப் பிரிந்தது. அப்பா சம்மதம் என்றார். அத்தை, "இருக்கிறதையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்" என்று அழுதார். கருவியும் அறுவையும் சேர்ந்து தனியார் மருத்துவமனையில் பத்து லட்சம் ரூபாய் அளவில் ஆகும், சில இடங்களில் மேலும் ஆகும். இருப்பது வயலாக இருந்து மனையான ஒரு சிறு துண்டு நிலம். தோழிக்குக் கல்லூரிப் படிப்பு பாக்கி. அவள் இதைச் சொன்னபோது நாங்கள் யாரும் பேசவில்லை.

இத்தனை வாதத்திலும் தாத்தாவை யாரும் கேட்கவில்லை என்பதுதான் விந்தை. டாக்டர்தான் கேட்டார்: "பெரியவரே, அறுவை முடிந்து நீங்கள் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள்?" கை நடுக்கம் நிற்க வேண்டும் என்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். அவரோ, "ராத்திரியில நானா புரண்டு படுக்கணும் டாக்டர். ஒவ்வொரு தடவையும் இவளை எழுப்ப வேண்டியிருக்கு" என்று பாட்டியைக் காட்டினாராம். இரவில் மாத்திரையின் பலம் தீர்ந்து உடல் பலகையாகிவிடுகிறது. மின்சாரமோ இரவும் பகலும் ஓய்வதில்லை. ஆகவே அவர் கேட்டது கிடைக்கக்கூடிய ஒன்றே என்றார் டாக்டர். நடுக்கம் போனால் போதும் என்பவருக்கும், தனியே பேருந்தேற வேண்டும் என்பவருக்கும், தெளிவாகப் பேச வேண்டும் என்பவருக்கும் தராசு வெவ்வேறு விதமாகச் சாயும். நோயாளியின் வாயிலிருந்து இந்தப் பதில் வராதவரை மற்றவர்கள் நிறுப்பது வெறும் தராசைத்தான் என்று நாங்கள் கருதுகிறோம்.

எப்போது செய்வது என்பதும் ஒரு சிக்கல். மிக முந்தினால், மாத்திரைக்கே அடங்கும் நோய்க்கு மூளையைத் துளைத்ததாகும். பார்க்கின்சன் போலத் தோன்றும் வேறு நோயாகவும் இருந்துவிடலாம். எனவே நான்கைந்து ஆண்டுகளாவது பொறுக்கிறார்கள். மிகப் பிந்தினால் மறதியும் தடுமாற்றமும் முந்திக்கொள்ளும். எழுபதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்தும் கூடும். "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்ற நம் வீட்டுப் பழக்கம் இங்கே நல்லதும் செய்யும், கெடுதலும் செய்யும்.

வேறு வழிகளும் வந்துகொண்டிருக்கின்றன. துளையே போடாமல், ஒலி அலைகளை வெளியிலிருந்து குவித்து, மூளைக்குள் ஒரு புள்ளியைச் சுடும் முறை நடுக்கத்துக்குப் பயன்படுகிறது. ஆனால் அதுவும் பழையபடி அழிப்பதுதான். நோயாளியின் மூளைத் துடிப்பை அறிந்து தானே மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிக்கு 2025 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது.

தாத்தாவுக்குச் சோதனை நடந்தது. முதல் நாள் இரவிலிருந்து மாத்திரை தராமல், காலையில் நடக்கவும் விரல் தட்டவும் சொல்லி மதிப்பெண் போட்டனர். பிறகு மாத்திரை கொடுத்து மறுபடி மதிப்பெண். நூற்றுக்கு முப்பது பங்காவது முன்னேற்றம் தெரிந்தால்தான் அறுவையால் பலன் உண்டு என்பார்கள். அவர் அதைத் தாண்டிவிட்டார். ஞாபக சக்திப் பரிசோதனையும் சரியாகவே இருந்தது.

அன்று பாட்டி வீட்டிலிருந்தே மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு போயிருந்தார். "பிடிக்கலேன்னா நிறுத்திடலாமா டாக்டர்?" நிறுத்தலாம், வெளியிலிருந்தே அணைக்கலாம், கம்பியையும் எடுக்கலாம், அதற்கு இன்னோர் அறுவை வேண்டும் என்றார் அவர். "பாட்டரி எத்தனை வருஷம் வரும்?" சாதாரணமானது மூன்று முதல் ஐந்து ஆண்டு, பிறகு மார்பில் மட்டும் திறந்து மாற்ற வேண்டும். சார்ஜ் செய்யக்கூடியது பதினைந்து ஆண்டு வரை உழைக்கும். விலை அதிகம், வாரந்தோறும் மறக்காமல் சார்ஜ் போட வேண்டும். "அப்புறம் எத்தனை தடவை இங்கே வரணும்?" முதல் ஆறு மாதம் மின்சார அளவைச் சரிசெய்யப் பல முறை வர வேண்டியிருக்கும், மாத்திரையும் அதற்கேற்பக் குறையும், ஆனால் அடியோடு நிற்காது.

பாட்டி கடைசிப் பதிலை மட்டும் விரல்விட்டு எண்ணினார். பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஒரு பஸ். மகனுக்கு இரவு ஷிஃப்ட் இருக்கும் வாரத்தில் பகலில் உடன் வர ஆள் இருக்கும். பகல் ஷிஃப்ட் வாரத்துக்கு யார் என்பதுதான் இப்போது அந்த வீட்டில் பேசிக்கொண்டிருக்கும் விஷயம்.